கொல்லைக்கு ஒரு நொச்சி வேலி

எங்கள் கொல்லையின் பழைய வேலி, கிளுவை என்கிற முள்மரத்தை நெருக்கி நட்டது, கஜா புயலோடு போயிற்று. 2018 நவம்பர் 16 விடியற்காலை அடித்த காற்றில் பலா ஒன்றும் தென்னை இரண்டும் அதன் மேலேயே சாய்ந்தன. மரத்தை அறுத்து வெளியே இழுக்க டிராக்டருக்கு வழி வேண்டியிருந்தது. அதனால் தப்பித்து நின்ற கிளுவையையும் நாங்களே வெட்டினோம். புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பக்கம் அந்த வருஷம் பல வீடுகளில் இதே கதைதான். அப்புறம் கல்லுக்கால் ஊன்றிக் கம்பி இழுத்தோம். மாடு வராது, அதுவரைக்கும் சரி. கோழிக்குக் கம்பி ஒரு பொருட்டே இல்லை. கத்தரி நாற்று நட்ட மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் பாத்தி முழுவதும் கிளறிக் கிடக்கும்.

அப்பத்தாவுக்குக் குறை வேறு. பழைய வேலியில் முடக்கத்தான் படர்ந்திருந்தது, கோவை இருந்தது, பிரண்டை, தூதுவளை, வேலிப்பருத்தி எல்லாம் இருந்தன. யாரும் விதைத்ததில்லை. மூட்டுவலி என்றால் நாலு கொத்து முடக்கத்தான் பறித்துத் தோசைமாவில் அரைத்துப் போடுவார். சளி என்றால் தூதுவளை. கம்பி வேலி வந்தபின் ஒன்றுகூட ஏறவில்லை. "கம்பி சித்திரையில தொட்டாச் சுடுதுய்யா, கொடி எப்புடி ஏறும்?" என்பார். ஆறேழு வருஷமாக இதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். போன ஆடியில்தான் கை வைத்தேன்.

வெளிவேலியைத் தொடவில்லை. வீட்டின் பின்சுவரை ஒட்டிய காய்கறிப் பாத்திக்கு மட்டும், இடுப்புக்கும் கீழே நிற்கிற தாழ்ந்த வேலி ஒன்று. பாத்தி 24 அடி நீளம், 15 அடி அகலம். ஒரு பக்கம் சுவர் இருப்பதால் மற்ற மூன்று பக்கமும் சேர்த்து 54 அடி. உயரம் 2½ அடி. கம்பி, ஆணி, சிமெண்ட் எதுவும் வேண்டாம், ஊரைச் சுற்றி நடந்தால் கிடைக்கிற பொருளை வைத்தே முடிக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கம் கிடைப்பவை மூன்று: சீமைக்கருவை, கிளுவை, நொச்சி. மூன்றுக்கும் மூன்று வேலை. கருவைக் கட்டை இன்றைக்கே உறுதியாக நிற்கும், ஆனால் செம்மண்ணில் கறையான் அதற்கு நாள் குறித்துவிடும். கிளுவைப் போத்து, அதாவது நடுவதற்கு வெட்டிய கிளை, இன்றைக்கு வெறும் குச்சி, வேர் பிடித்துவிட்டால் பேரன் காலம் வரை நிற்கும். காங்கேயம், தாராபுரம் பக்கம் கொறங்காட்டு மேய்ச்சல் நிலங்களைச் சுற்றி நிற்பது இந்த முள்கிளுவைதான். நொச்சி விளார், அதாவது அதன் நீண்ட மெல்லிய கிளை, பச்சையில் வளைந்து கொடுக்கும், ஆட்டுக்கு அதன் வாசம் ஆகாது. ஆக, செத்த கட்டை வேலியைத் தாங்கி நிற்கிற இரண்டு மூன்று வருஷத்துக்குள் உயிருள்ள போத்து வளர்ந்து அந்தப் பாரத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். இந்த வேலியின் யோசனை முழுவதும் அவ்வளவுதான்.

முழுக்கக் கிளுவையே நடக் கூடாதா என்று அப்பத்தா கேட்டார். பழைய வேலி அப்படித்தான், அரை அடிக்கு ஒன்றாக நெருக்கி நட்டது. ஆனால் அது கொல்லை ஓரம். இது பாத்தியை ஒட்டி வருகிறது. அத்தனை கிளுவை நின்றால் பாத்திக்கு ஊற்றுகிற தண்ணீரிலும் எருவிலும் பாதி அதற்கே போய்விடும். அதனால் ஏறத்தாழ மூன்றில் ஒன்று கிளுவை, மற்றவை கருவை என்று முடிவு செய்தேன்.

கருவைக் கட்டையை ஆடி முதல் வாரமே வெட்டினோம். மணிக்கட்டுத் தடிமன், 4 அடி நீளம். வெட்டின இடத்தில் பார்த்தால் நடுவில் செம்பழுப்பாக உள்கட்டை தெரியும், சுற்றிலும் வெளிர்மஞ்சள். உள்கட்டை பெரிதாக இருக்கிற கட்டையாகப் பொறுக்கினேன். மெல்லிய கட்டையில் அநேகமாக வெளிர்ப்பகுதிதான் இருக்கும், அதைத்தான் வண்டும் கறையானும் முதலில் பிடிக்கும். தோலை முழுக்க உரித்துவிட வேண்டும். பச்சையில் உரித்தால் நீளமாகக் கையோடு வரும், நாலு நாள் விட்டால் கட்டையோடு ஒட்டிக்கொள்ளும். உரித்த கட்டைகளைக் கல் ஏற்றிக் குளத்துத் தண்ணீரில் 15 நாள் போட்டு வைத்தோம். மரத்துக்குள் இருக்கிற மாவுச்சத்துக்குத்தான் வண்டு வருகிறது. தண்ணீரில் ஊறினால் அது குறைந்து போகும். மூங்கிலை ஊறப்போடுவதும் இதற்காகத்தான். ஊறாத கருவை ஆறு மாதத்தில் பொடிப்பொடியாக வெள்ளை மாவு கொட்டுவதை மாட்டுக்கொட்டகைப் பந்தலிலேயே பார்த்திருக்கிறேன்.

கருவை முள்ளைப் பற்றி ஒரு வார்த்தை. செருப்புப் போட்டுக்கொண்டு அந்த வேலைக்குப் போகாதீர்கள். ரப்பர் செருப்பை ஊடுருவிக்கொண்டு பாதத்தில் ஏறும், உள்ளே முறிந்தால் சீழ் வைக்கும். தடித்த ஷூ வேண்டும், கழித்த முள்ளை அன்றன்றே ஒரே இடத்தில் குவித்துவிட வேண்டும்.

கிளுவைப் போத்து கொடுத்தது எங்கள் தெருக்கோடிச் சின்னையா. அவர் தோட்டத்து வேலியை வருஷா வருஷம் கழிக்க வேண்டியிருக்கும், அந்தச் சமயத்துக்குக் காத்திருந்தேன். கட்டைவிரலைவிடத் தடித்ததாக, 4½ அடி நீளத்தில் 14 போத்து வெட்டினோம். அடியில் சரிவாக வெட்டு, தலையிலும் சரிவாக வெட்டு. தலையில் சரிவு இருந்தால் மழைத்தண்ணீர் தங்காது. வெட்டிய கையோடு நடக் கூடாது என்றார் சின்னையா. புளியமர நிழலில் நிறுத்தி ஒரு வாரம் வைத்தோம். வெட்டுவாயில் பால் வற்றித் தோல் கட்டும். அது கட்டாமல் ஈரமண்ணுக்குள் போனால் அழுகும்.

இங்கே நான் ஒரு தப்புச் செய்தேன். இரண்டு பக்கமும் சரிவாக வெட்டியதால், ஒரு வாரம் கழித்துத் தூக்கும்போது நாலைந்து போத்தில் எது அடி, எது தலை என்று தெரியவில்லை. தடிமனைப் பார்த்துச் சொல்லலாம் என்றால் நடுக்கிளையில் வெட்டியவை இரண்டு முனையிலும் ஒரே தடிமன். சின்னையா ஒன்றை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினார். இலை உதிர்ந்த இடத்தில் பிறைபோல் ஒரு தழும்பு, அதை ஒட்டி ஊசித்தலை அளவில் ஒரு மொட்டு. "தழும்பு கீழ, மொட்டு மேல. அவ்வளவுதான்ய்யா. மொட்டு எந்தப் பக்கம் பாக்குதோ அது வானம்." அன்றிலிருந்து வெட்டின உடனே தலைப்பக்கம் சுண்ணாம்பில் தொட்டு வைக்கிறேன். தலைகீழாக நட்ட போத்து சில நாள் பசுமையாகவே நின்று ஏமாற்றும், பிழைப்பது அபூர்வம்.

ஊன்றுவதற்கு நூல் கட்டினோம். அளவுக்கு 1½ அடிக் குச்சி ஒன்று வெட்டிக்கொண்டேன். ஒவ்வொரு கட்டைக்கும் டேப் பிடிப்பதைவிட அந்தக் குச்சியைத் தரையில் போட்டுத் தள்ளிக்கொண்டே போவது சுலபம். முதலில் கட்டை மிச்சமாகட்டும் என்று ஒரு பக்கம் 2 அடி இடைவெளி விட்டுத்தான் நட்டேன். இரண்டு வரிசை பின்னியதும் விளார் நடுவில் தொப்பைபோல் வெளியே தள்ளியது, கை வைத்தால் ஆடியது. பிரித்துவிட்டு மறுபடி நட்டேன். விரல் தடிமன் விளாருக்கு 1½ அடிக்குமேல் இடைவெளி ஆகாது. சுவரை ஒட்டிய இரண்டு முனை, இரண்டு மூலை, வாசலின் இரண்டு பக்கம், இந்த ஆறு இடத்துக்கும் கொஞ்சம் பெருத்த கருவை. வாசலுக்காக ஒரு கட்டையை விட்டு மூன்றடித் திறப்பு. மொத்தம் 36 கால், அதில் 10 கிளுவை, 26 கருவை. மிஞ்சிய நாலு போத்தைக் குளியலறைத் தண்ணீர் ஓடுகிற ஓரத்தில் நட்டு வைத்தேன். அந்த நாலுதான் பிறகு காப்பாற்றியது.

எங்கள் மண் மேலே ஒரு சாண் செம்மண், கீழே சரளை. கடப்பாரை சரளையில் பட்டுத் தெறிக்கும். முந்தின நாள் சாயங்காலம் ஒவ்வொரு குறியிலும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் 1½ அடிக் குழி இறங்கும். கருவைக் கட்டையை மரச்சுத்தியால் அடித்து இறக்கலாம். கிளுவையை அடிக்கவே கூடாது, தலை பிளந்துவிடும். குழிக்குள் நேராக இறக்கி, மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கடப்பாரையின் மழுங்கிய முனையால் இடித்து இறுக்க வேண்டும். உள்ளே காற்றுப் பொந்து இருந்தால் வேர் விடாது. தலையில் ஒரு கைப்பிடி சாணி உருண்டை, முருங்கைப் போத்துக்கு வைப்பதுபோலவே.

கருவைக் கட்டையின் அடிப்பாகத்தை நெருப்பில் கருக வாட்டிவிட்டு நட்டால் கறையான் வராது என்று பலர் சொன்னார்கள். பாதிக் கட்டையை வாட்டி நட்டேன், பாதியை வாட்டாமல் நட்டேன். ஒரு வருஷம் கழித்துத் தோண்டிப் பார்த்தபோது இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. உள்கட்டை சிவந்த கட்டை இரண்டு விதத்திலும் நின்றது, வெளிர்க்கட்டை இரண்டு விதத்திலும் போயிற்று. எஞ்சின் கழிவு எண்ணெய் தடவலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. கீரை பறித்துத் தின்கிற பாத்தி ஓரத்தில் அதை ஊற்ற எனக்கு மனசு வரவில்லை.

நொச்சிக்குக் கண்மாய்க் கரைக்குப் போனோம். ஊரில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டுதான் வெட்டினோம். நொச்சி வேர் கரையைப் பிடித்து வைத்திருக்கிறது, அதனால் ஒரு புதரை மொட்டையடிக்காமல் பத்துப் புதரில் கொஞ்சம் கொஞ்சமாக, தரையிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்ட வேண்டும். மழை விழுந்தால் அந்தக் கட்டையிலிருந்தே புது விளார் நேராக எழும்பும், அடுத்த தடவை வேலிக்கு அதுதான் நல்ல விளார். இளங்கிளை உருண்டையாக இருக்காது, விரலால் உருட்டிப் பார்த்தால் நாலு பட்டை தெரியும். வேலிக்கு அது ஆகாது, காய்ந்தால் சுள்ளென்று ஒடியும். பட்டை மறைந்து உருண்டு, தோல் சாம்பல் நிறத்துக்கு மாறிய விளார்தான் சரி. சுண்டுவிரல் முதல் பெருவிரல் தடிமன், ஆறேழு அடி நீளம்.

இலையை அங்கேயே உருவிவிட்டோம். அன்று முழுவதும் கையில் அந்தக் காரவாசம் போகவில்லை, சோறு பிசையும்போதுகூட வந்தது. உருவிய இலை ஒரு மூட்டை. அப்பத்தா அதை நிழலில் காயவைத்து நெல் குதிருக்கும் பயறுப் பானைக்கும் போட்டுக்கொண்டார், கொஞ்சம் ஆவி பிடிக்க எடுத்து வைத்தார். கோட்டை மதிலைக் காத்து நின்றவர்கள் நொச்சிப்பூச் சூடினார்கள் என்று பள்ளியில் புறத்திணை படித்தபோது மனப்பாடம் செய்தது. கரையோரம் நீலப்பூங்கொத்தோடு ஆடிக்கொண்டிருந்த அந்தச் செடிக்கு நடுவில் நின்றபோதுதான் அது செடியாக நினைவில் பதிந்தது.

எத்தனை விளார் வேண்டும் என்பதில் நான் போட்ட கணக்கு பாதிதான். 200 போதும் என்று நினைத்தேன். விளாரை அடித்து இறுக்கினால் ஒரு வரிசை முக்கால் அங்குலம்தான் ஏறும். 2¼ அடி பின்னலுக்கு 36 வரிசை. ஒரு விளாரில் நுனியும் ஒட்டும் போக 5 அடி தேறும். கடைசியில் 50 விளார்க் கட்டு எட்டுக் கட்டு ஆயிற்று. நடுவில் விளார் தீர்ந்து மறுபடி போய் வந்ததில் ஒரு நாள் போனது. முதலிலேயே மொத்தமாக வெட்டி அடுக்குவதும் கூடாது. வெட்டி மூன்றாம் நாள் விளார் விறைத்துவிடும். அன்றன்றைக்கு இரண்டு கட்டு வெட்டி, ஈரச்சாக்கு போட்டு மூடி, அன்றே பின்னி முடிப்பதுதான் வழி.

பின்னுவது பார்க்கச் சுலபம்: ஒரு காலுக்கு உள்ளே, அடுத்த காலுக்கு வெளியே. கைக்கு வருவதற்கு ஒரு பக்கம் முழுக்கப் பின்ன வேண்டியிருந்தது. விளாரின் தடித்த முனையை ஒரு காலின் பின்னால் முட்டக் கொடுத்துத் தொடங்க வேண்டும். அடுத்த வரிசையை அதே காலில் தொடங்கக் கூடாது, ஒரு கால் தள்ளி, முந்தின வரிசை உள்ளே போன இடத்தில் இது வெளியே வருமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே பக்கமாகத் தடித்த முனைகள் குவிந்தால் வேலி அந்தப் பக்கம் ஏறி, இந்தப் பக்கம் இறங்கி நிற்கும். அதனால் ஒரு வரிசை இடமிருந்து, அடுத்தது வலமிருந்து. ஒட்டுப் போடும்போது பழைய விளாரின் நுனியும் புது விளாரின் அடியும் இரண்டு காலுக்காவது சேர்ந்து ஓட வேண்டும். ஐந்து வரிசைக்கு ஒரு தடவை மேலே பலகைத் துண்டு வைத்து மரச்சுத்தியால் தட்டி இறக்க வேண்டும். கிளுவைக்கால் பக்கத்தில் வரும்போது மட்டும் கையால் அமுக்கினேன். நட்ட போத்தை அசைத்தால் அது விட்ட முதல் வேர் அறுந்துவிடும்.

மூலையில் விளார் ஒடிந்துகொண்டே இருந்தது. மூன்று விளாரை வீணாக்கியபின் சின்னையா வந்து கையைப் பிடித்துக் காட்டினார். திருப்ப வேண்டிய இடத்தின் இரண்டு பக்கமும் ஒரு சாண் இடைவெளியில் இரண்டு கையாலும் பிடித்து, ஈர வேட்டியைப் பிழிவதுபோல் முறுக்க வேண்டும். உள்ளே சடசடவென்று நார் பிரிகிற சத்தம் கேட்கும். தோல் சுருங்கிச் சுருங்கிக் கோடு விழும், அறுந்து போகாது. முறுக்கின நிலையிலேயே மூலைக்காலைச் சுற்றி வளைத்தால் கயிறுபோல் படிந்து உட்கார்ந்துகொள்ளும். அந்தச் சத்தம் கேட்காமல் வளைத்தால் ஒடியும். வாசல் ஓரத்தில் விளாரைத் திருப்பி மடக்கிக் கட்டுவதற்கும் இதே முறுக்குத்தான். பட்டையும் நாரும் இருக்கிற எந்தக் கிளையையும் வளைக்க இது உதவும் என்றார். வீட்டில் காய்ந்த முருங்கைக்கிளையில் முயன்றேன், அது நடக்கவில்லை, பச்சை வேண்டும், நார் வேண்டும்.

நாலு நாளில் பின்னல் முடிந்தது. அழகாக இருந்தது, கை நுழையாத இறுக்கம். சின்னையா சாயங்காலம் வந்து மேல்வரிசையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "காஞ்சா இளைக்கும்ய்யா. இப்ப இறுக்கமா இருக்குன்னு நம்பாத. அம்பது விளார் தனியா வச்சுக்க" என்றார். வைத்துக்கொள்ளவில்லை. மூன்று வாரத்தில் 2¼ அடி இரண்டடிக்கு இறங்கியது. விளாருக்கும் விளாருக்கும் நடுவே விரல் நுழைகிற சந்து. மறுபடி அடித்து இறக்கி, மேலே நாலு வரிசை புதிதாகப் போட்டேன். பச்சை மரத்தில் செய்கிற எதற்கும் இந்த இரண்டாம் சுற்று உண்டு, முதலிலேயே அதற்கும் நாளும் விளாரும் ஒதுக்கி வையுங்கள்.

மேலே சட்டம் கொடுக்கவில்லை. மூங்கிலைக் குறுக்காக வைத்து மேல்வரிசையைக் கட்டினால் வேலி எடுப்பாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் நாட்டுக்கோழிக்கு 2½ அடி ஒரு உயரமே இல்லை. குஞ்சோடு திரிகிற கோழி குஞ்சை விட்டுத் தாண்டாது, அதற்கு இந்த உயரம் போதும். மற்றக் கோழிகள் நேராக உள்ளே பறந்து இறங்குவது குறைவு, முதலில் வேலித்தலையில் உட்கார்ந்து நிதானம் பார்க்கும். உட்கார இடம் கொடுத்தால் உள்ளே இறங்கும். அதனால் கால்களின் தலையை ஏற்ற இறக்கமாக விட்டு, மேல்வரிசைக்கு மெல்லிய விளாராகப் போட்டேன். உட்கார்ந்தால் வளையும். ஆறு வாரம் பார்த்தேன், ஒரு பெட்டைக்கோழிதான் தாண்டியது, அதற்கும் ஒரு பக்க இறக்கையின் நுனிச்சிறகைக் கத்தரித்ததும் சரியாயிற்று. ஆடு வேறு விஷயம். ஆட்டை இந்த உயரம் நிறுத்தாது, முன்காலைத் தூக்கி மேலே வைத்தால் பின்னலே சரியும். எங்கள் ஆடுகள் கட்டுக்குள் இருப்பதால் பிழைத்தது. ஆடு அவிழ்ந்து திரிகிற வீடாக இருந்தால் நாலடிக்குக் குறையாமல் போடுங்கள், முதல் வருஷம் வெளியே கருவைமுள்ளும் சாத்துங்கள்.

வாசலுக்குப் படல், அதாவது பின்னிய தட்டிக் கதவு. இரண்டு கருவைச் சட்டம், நடுவில் நொச்சிப் பின்னல், பனை அகணி நாரால் கட்டு. நாரை முந்தின இரவு ஊறவைத்து ஈரத்தோடு கட்டினால் காயக் காய இறுகும். கீல் வேண்டாம், ஒரு பக்கம் நார்வளையம், மறுபக்கம் தூக்கி மாட்டுகிற கண்ணி. அரைநாள் வேலை.

ஐப்பசியில் மழை பிடித்தது. அடிவரிசை விஷயத்தில் நான் யோசிக்காமல் விட்டது அப்போதுதான் தெரிந்தது. முதல் விளாரை நேராகத் தரையிலேயே வைத்துப் பின்னியிருந்தேன். குளியலறைத் தண்ணீர் வருகிற பக்கத்தில் அந்த விளார்கள் மண்ணில் வேர்விட்டுத் துளிர்த்துக்கொண்டன. நொச்சி அப்படிப்பட்ட செடி, ஈரத்தில் எங்கே தொட்டாலும் பிழைக்கும். கார்த்திகைக்குள் இடுப்பளவு வளர்ந்து பாத்திக்கு நிழல் கட்டியது. வேலியே பயிரை மேய்ந்தது என்பதை நேரிலேயே பார்த்துவிட்டேன். எதிர்ப்பக்கம், மேடான காய்ந்த ஓரத்தில், மழை விட்டு மண் உலர்ந்ததும் அதே அடிவிளாரைக் கறையான் மண்பூசி மூடிவிட்டது. விரலால் அழுத்தினால் வெறும் தோல்தான், உள்ளே ஒன்றுமில்லை.

தையில் இரண்டு பக்கமும் அடியில் மூன்று வரிசையை அறுத்து எடுத்தேன். அந்த இடத்தில் நாலு விரல் உயரத்துக்குச் செம்புறாங்கல் துண்டுகளை வரிசையாக அடுக்கி, அதற்குமேல் பின்னல் நிற்குமாறு செய்தேன். எங்கள் பக்கம் எங்கே தோண்டினாலும் அந்தக் கல்தான், பழைய கிணற்று மேட்டில் குவியலாகக் கிடந்தது. இப்போது விளார் மண்ணைத் தொடுவதில்லை. கறையான் ஏறினாலும் கல்லின் மேல் அதன் மண்கோடு தெரிந்துவிடுகிறது, துடைப்பத்தால் தட்டிவிடலாம். கோழி அடியில் கிளறிச் சந்து பண்ணுவதும் நின்றது. இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். வேலி போட நினைக்கிற யாருக்காவது ஒன்றே ஒன்று சொல்ல வேண்டுமென்றால் இந்தக் கல்வரிசையைத்தான் சொல்வேன். வேர்விட்ட நொச்சியில் இரண்டை மட்டும் மூலையில் விட்டு வைத்திருக்கிறேன், அடுத்த வருஷ விளாருக்கு.

கிளுவை பத்தில் மூன்று மழையிலேயே போயிற்று. பிடுங்கினபோது அடி கொழகொழவென்று கறுத்திருந்தது. மூன்றும் பள்ளமான இடத்தில் நட்டவை, குழியில் தண்ணீர் நின்றிருக்கிறது. வேரோடு இருந்த உபரிப் போத்தில் மூன்றை மண்கட்டியோடு பெயர்த்து, இந்தத் தடவை சுற்றிலும் மண் அணைத்து மேடாக்கி நட்டேன்.

மாசிக்கு மேல் மற்றவையும் ஒவ்வொன்றாக இலையை உதிர்த்தன. பங்குனியில் பத்தும் வெறும் முள்ளும் குச்சியுமாக நின்றன. எல்லாம் போயிற்று என்று எனக்கு நெஞ்சு அடைத்தது. அப்பத்தா கோலூன்றி வந்து, ஒரு போத்தின் தோலை நகத்தால் கீறினார். மேல்தோல் தாள்போல் உரிந்தது. அடியில் பச்சை, கொஞ்சம் ஈரம். "வெயிலுக்கு உதுத்திருக்குய்யா. சாகலை. தண்ணி ஊத்தி அழுக வச்சிராத" என்றார். கிளுவை கோடையில் இலையில்லாமல்தான் நிற்கும், சின்ன வயதில் தினமும் பார்த்த வேலி, எனக்கு மறந்திருக்கிறது. சித்திரைக் கடைசியில் இரண்டு கோடைமழை விழுந்தது. பத்தாம் நாள் கணுவுக்குக் கணு மூன்று மூன்று இலையாக விரிந்தது. பெயர்த்து நட்டதில் ஒன்று மட்டும் இன்னும் துளிர்க்கவில்லை.

இந்த ஆடியோடு வேலிக்கு ஒரு வருஷம். கருவையில் நாலு கட்டை மாற்ற வேண்டியிருந்தது. பின்னலின் நிறம் போய் முழுக்கச் சாம்பலாகிவிட்டது. மேல்வரிசையில் தினமும் ஒரு ஓணான் வெயில் காய்கிறது. கிளுவையை இடுப்புயரத்துக்குமேல் விடாமல் ஒருமுறை கழித்தேன், கழித்த துண்டைச் சின்னையாவிடமே கொண்டுபோய்க் காட்டினேன். கத்தரி இந்தப் போகம் காய்த்துத் தின்றோம்.

முந்தாநாள் மழை வரும்போல இருந்தது. அப்பத்தா புடவை முந்தானையில் எதையோ முடிந்துகொண்டு கொல்லைக்கு வந்தார். அவிழ்த்துக் காட்டினார், மிளகளவில் கறுப்பு விதைகள், ஒவ்வொன்றிலும் வெள்ளையாக இதயம் வரைந்ததுபோல் ஒரு புள்ளி. முடக்கத்தான். தங்கச்சி வீட்டு வேலியிலிருந்து வாங்கி வந்திருக்கிறார். குனிய முடியாமல் கல்வரிசையின் மேல் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு கிளுவைக்கு அடியிலும் மூன்று விதையை வைத்துப் பெருவிரலால் அழுத்திக்கொண்டே போனார். துளிர்க்காமல் நிற்கிற அந்தப் போத்துக்கு அடியிலும் மூன்று வைத்தார்.